எஸ்.டி.ஏ. வீடு: கூரையை மூடிய பிறகு திருத்த முடியாத தவறுகள்

ஆஸ்திரேலியாவின் என்.டி.ஐ.எஸ். என்னும் தேசிய மாற்றுத்திறனாளிக் காப்பீட்டுத் திட்டத்தில், மிக அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே கட்டப்படும் வீடுகளை எஸ்.டி.ஏ. என்கிறார்கள். இவற்றுக்கான வடிவமைப்புத் தரநிலை 2019-இல் வெளியானது. 2021 ஜூலை 1 முதல் புதுக் கட்டடங்களுக்கு அது கட்டாயம். அதிலுள்ள நான்கு வகைகளில் கடினமானது ஹை ஃபிசிக்கல் சப்போர்ட்: பவர் சக்கர நாற்காலியில் இருப்பவர், கட்டிலிலிருந்து எழ ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கி நகர்த்தும் கருவி) தேவைப்படுபவர், சுவாசக் கருவியோடு தூங்குபவர் போன்றோருக்கானது. புதிதாக இறங்கும் பில்டர்களும் முதலீட்டாளர்களும், நம்மவர்கள் உட்பட, இந்த வகையில்தான் ஒரே இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். வாசலில் படி கூடாது, குளியலறையில் கைப்பிடி வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடலாம்.

"ஹாய்ஸ்டைப் பிறகு பார்த்துக்கலாம்"

வரைபடத்தில் படுக்கையறை மேல் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: "சீலிங் ஹாய்ஸ்டுக்கு வசதி உண்டு". எந்த உத்தரம், எங்கே, எவ்வளவு தாங்கும் என்று ஒரு எண்கூட இருக்காது. இத்தனை காலத்துக்குப் பிறகும் இந்தக் குறிப்பைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

தரநிலை கேட்பது 250 கிலோ தாங்கும் அமைப்பு. தொழிற்சாலையில் ஆணித்தகடு அடித்து வரும் மர டிரஸ்ஸின் (கூரைச் சட்டகத்தின்) கீழ்ச்சட்டம் கூரைப் பலகையையும் இன்சுலேஷனையும் தாங்கத்தான் கணக்கிடப்பட்டது. ஓரிடத்தில் தொங்கும் ஆளின் எடைக்கு அல்ல. எனவே டிரஸ் ஆர்டர் போகும் முன்பே இந்தச் சுமை தயாரிப்பாளரிடம் எழுத்தில் போயிருக்க வேண்டும். இல்லையேல் சுவரிலிருந்து சுவருக்குத் தனியாக எல்.வி.எல். (மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டியது) அல்லது இரும்பு உத்தரம் போட வேண்டும். டிரஸ்களுக்கு இடையே குறுக்குக்கட்டை அடித்துவிட்டு "ஆயிற்று" என்பது ஆகாத வேலை: கட்டை தாங்கினாலும், அது சுமையை ஒப்படைப்பது அதே டிரஸ்ஸிடம்தான்.

அடுத்தது தண்டவாளம். கட்டிலுக்கு மேல் ஒற்றை நேர்த்தண்டவாளம் மட்டும் போட்டால் ஆளை அந்த ஒரு கோட்டில்தான் நகர்த்த முடியும். நாற்காலி அரை அடி தள்ளி நின்றால் ஸ்லிங்கில் (ஆளைத் தாங்கும் துணித்தொட்டிலில்) தொங்குபவரைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டியதாகும். அதில் பராமரிப்பாளரின் இடுப்பு போகும். இரண்டு இணைத் தண்டவாளமும் குறுக்கே ஓடும் ஒன்றுமாக எக்ஸ்-ஒய் முறையில் அமைத்தால் அறையின் பெரும்பகுதி கைக்குள் வரும். ஆனால் அந்தக் குறுக்குச்சட்டம் ஓடும் பாதையில் மின்விசிறி இருக்கக் கூடாது. துருத்தி நிற்கும் புகை அலாரம், உச்சிவரை போகும் அலமாரிக் கதவு, திரைச்சீலைப் பெட்டி ஆகியவையும் இடிக்கும். கூரைக்குள் ஏ.சி. குழாய் போகும் இடமும் உத்தரம் வரும் இடமும் ஒன்றாக அமைந்துவிடுவதும் வழக்கம். குழாய்க்காரர் முதலில் வந்தால் உத்தரம் தோற்கும்.

உயரமும் கணக்குத்தான். தண்டவாளம், குறுக்குச்சட்டம், மோட்டார், ஸ்லிங் மாட்டும் கம்பி எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கும். அதற்கும் கீழே உட்கார்ந்த நிலையில் ஆள். கட்டில் மேல் காற்று மெத்தையும் இருக்கும். 2400 மி.மீ. கூரையில் உயரமானவரைத் தூக்கினால் பின்பக்கம் மெத்தையை விட்டு எழவே எழாது. 2700 வைத்தால் நிம்மதி.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் கடைசியில் ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள்: பலகை அடிக்கும் முன் உத்தரத்தைப் படம் எடுப்பதில்லை. சுவரிலிருந்து டேப் பிடித்து, மையக்கோட்டின் தூரம் தெரியும்படி எடுத்த படம் வேண்டும். ஹாய்ஸ்ட் மாட்டுபவர் இரண்டு வருஷம் கழித்து வந்து நிற்கும்போது, உத்தரம் எங்கே என்று சொல்ல ஆள் இருக்காது. பிறகு கூரையைப் பிரி, என்ஜினீயரைக் கூப்பிடு, குடியிருப்பவரை வேறிடத்துக்கு மாற்று! அவருக்கு ஏற்ற வேறிடம் இல்லாததால்தானே இங்கே வந்தார்?

தண்டவாளத்தைக் குளியலறை வரை இழுப்பது அழகான யோசனை, பெரும்பாலும் தேவையில்லை. சக்கரம் வைத்த ஷவர் நாற்காலியில் போய்விடுவார்கள். அதற்காகக் கதவு மேற்சட்டத்தை வெட்டும் முன் தொழில்வழிச் சிகிச்சையாளரை (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) கேளுங்கள்.

கதவின் அகலம்

தரநிலை கேட்கும் 950 மி.மீ. என்பது கதவு திறந்த பின் மிஞ்சும் இடைவெளி. 920 மி.மீ. அகலக் கதவு வாங்கி வந்து விழிக்கிறார்கள். 1020 கதவுதான் வேண்டும். சுவருக்குள் நகரும் கதவு என்றால் கைப்பிடி துருத்தும் அளவையும் கழியுங்கள்.

மின்தடை

படுக்கையறை ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இரட்டை சாக்கெட்டுகளுக்கும், வெளியேற உதவும் தானியங்கிக் கதவுக்கும் இரண்டு மணி நேரம் மாற்று மின்சாரம் வர வேண்டும். சோலார் பேட்டரி இருக்கிறதே என்பார்கள். பேக்கப் வசதி இல்லாத பேட்டரி, கிரிட் போனால் தானும் நின்றுவிடும். அந்த நேரத்தில் காற்று மெத்தை இறங்கினால் படுக்கைப்புண்; சுவாசக் கருவி நின்றால் அதைவிட மோசம். ஒப்படைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். எந்த சாக்கெட்டில் மின்சாரம் வருகிறது என்று குறித்து ஒட்டுங்கள்.

கட்டிலுக்கு மேல் டவுன்லைட்

மல்லாந்து கிடப்பவரின் கண்ணில் நேரே அடிக்கும். நகர்த்துங்கள்.

கம்பளம்

வேண்டாம்.

அஸெஸரைக் கடைசியில் கூப்பிடுவது

வீடு தரநிலைப்படி இருக்கிறது என்று சான்று தருபவர் அஸெஸர். சான்று இரண்டு கட்டம்: வரைபட நிலையில் ஒன்று, கட்டி முடித்த பின் ஒன்று. தரைக் கான்கிரீட் போட்ட பிறகு முதல் சான்றுக்கு ஓடினால், ஷவர் தரையைத் தாழ்த்தவோ நடைபாதையை அகலப்படுத்தவோ வழியில்லை. இரண்டாவது சான்று இல்லாமல் வீட்டைப் பதிவுசெய்ய முடியாது. பதிவு இல்லாமல் எஸ்.டி.ஏ. பணம் வராது.

"உத்தரவாத வருமானம்"

இப்படிச் சொல்லித்தான் முதலீட்டாளர்களிடம் விற்கிறார்கள். ஆனால் வாடகையில் குடியிருப்பவர் தருவது அரசின் அடிப்படை மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் 25 சதவீதத்தையும் வாடகை உதவித்தொகையையும் ஒட்டிய ஒரு வரம்புக்குள்தான். பெரிய தொகை என்.டி.ஐ.எஸ்.-இலிருந்து வருகிறது, அதுவும் தகுதியுள்ள ஒருவர் குடிவந்த பிறகு. அவருக்கு அனுமதிக்கப்பட்டது குறைந்த வகை என்றால், நீங்கள் ஹாய்ஸ்டோடு கட்டியிருந்தாலும் கிடைப்பது அந்தக் குறைந்த விலைதான். மனை வாங்கும் முன் என்.டி.ஐ.ஏ. (என்.டி.ஐ.எஸ்.-ஐ நடத்தும் அரசு முகமை) காலாண்டுதோறும் வெளியிடும் எஸ்.டி.ஏ. அட்டவணையை எடுத்து, அந்தப் பகுதியில் எந்த வகை வீடு எத்தனை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். விற்பனையாளரின் துண்டறிக்கையில் இந்த எண் இருக்காது.