அப்பா அம்மாவோடு மறுபடியும் பாரிஸ்: படிக்கட்டைத் தவிர்த்து ஒரு திட்டம்

ஒருமுறை தனியாகவோ நண்பர்களோடோ பாரிஸைச் சுற்றிவிட்டு, அடுத்த தடவை வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைக்காகப் பாரிஸில் இருந்த காலத்தில் அந்த ஊரை முழுக்க நடந்தே பார்த்தவன் நான். ஆனால் அறுபத்தைந்தைத் தாண்டிய அப்பா, முட்டிவலி உள்ள அம்மா என்று மூன்று பேராகப் போனபோது, நான் நடந்து பார்த்த பாரிஸை ஓரமாக வைத்துவிட்டு அவர்களுக்கென்று வேறு பாரிஸ் ஒன்றைத் திட்டமிட வேண்டியிருந்தது. விமான டிக்கெட் எடுப்பது, ஓட்டல் தேடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

என் ஓட்டு அக்டோபர் முதல் பாதிக்கு. காரணம் ஈஃபில் கோபுர விளக்கு. ஜூனில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும், விளக்கைப் பார்க்க அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும், ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டுப் படுக்கிறவர்களுக்கு அது நடக்காத காரியம். அக்டோபர் தொடக்கத்தில் ஏழரைக்கெல்லாம் அஸ்தமனம், எட்டரைக்குள் ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம். குளிர் இருக்கும், ஆனால் ஒரு ஸ்வெட்டரும் ஒரு மழைக்கோட்டும் போதும்.

படி 2: விசா, முக்கியமாகப் பெயர்

பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு பதினைந்து நாள் முன்பு. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். முதல்முறை போகிறவர்கள் கைரேகை கொடுக்க நேரில் வரவேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல், பெயர். அப்பா அம்மா தலைமுறையில் பலருக்கும் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியலை விரித்து எழுதியதில் தாத்தா பெயர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். விமான நிறுவன இணையதளமோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. அதனால் முதலில் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு எப்படி நிரப்பச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் காப்பீடு, ஓட்டல், விண்ணப்பம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் முழுப்பெயரையே எழுதுங்கள், இனிஷியல் வேண்டாம். ஓட்டல் முன்பதிவு உங்கள் பெயரில் இருந்தால் அதில் அவர்கள் இருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: தங்குமிடம்

நான் இரண்டே விஷயம் பார்ப்பேன். ஒன்று லிஃப்ட். பாரிஸின் பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கிறது என்று போட்டிருந்தாலும், அது வாசலிலிருந்து அரை மாடி ஏறிய பிறகு தொடங்கும் இடங்கள் உண்டு. "தெருவாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி?" என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இரண்டாவது, 38ஆம் எண் பஸ் போகும் பாதையில் இடம் பிடிப்பது. அது ஏன் என்று படி 5-இல் தெரியும். சமையலறை உள்ள சின்ன ஃப்ளாட் கிடைத்தால் ஓட்டலைவிட அதுதான் மேல். காலையில் அம்மா தன் கையால் காபி போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினால் அன்றைய பாதிக் களைப்பு வராது.

படி 4: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள், காசு கிடையாது. "நான் என்ன நடக்க முடியாதவனா?" என்று அப்பா முறைப்பார். சார்ல் து கோல் விமான நிலையம் எவ்வளவு பெரியது என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். இப்போது எல்லையில் முதல்முறை நுழைபவர்களுக்குக் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், அந்த வரிசையில் நிற்பதை நினைத்துப் பார்த்தால் நாற்காலியின் அருமை புரியும்.

ஊருக்குள் போக ரயில் வேண்டாம். பெட்டி, கூட்டம், இடையில் வேலை செய்யாத எஸ்கலேட்டர், மூன்றும் சேர்ந்தால் முதல் நாளே முட்டி போய்விடும். டாக்சிக்கு நிர்ணயித்த கட்டணம் உண்டு: சேன் ஆற்றின் வலக்கரைக்கு (வடக்குப் பக்கம்) 56 யூரோ, இடக்கரைக்கு (தெற்குப் பக்கம்) 65 யூரோ என்பது 2025 நிலவரம். மூன்று பேருக்குப் பிரித்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதிகாரப்பூர்வ வரிசையில் நின்று ஏறுங்கள், உள்ளே வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர்கள் பின்னால் போகாதீர்கள்.

படி 5: மெட்ரோவை மறந்துவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள்

இந்த ஊரை முன்பே பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் படி கஷ்டம். நமக்குப் பாரிஸ் என்றாலே மெட்ரோ, கை தானாகவே மெட்ரோ வரைபடத்தைத் தேடும். ஆனால் 1900-இல் தொடங்கிய அமைப்பு அது. 14ஆம் வழித்தடத்தில் மட்டும்தான் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது. மற்ற இடங்களில் இறங்கப் படி, மாறப் படி, வெளியே வர மறுபடி படி. ஷாத்லே நிலையத்தில் ஒரு வழித்தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது தரைக்கு அடியில் ஒரு தெருவை நடந்து கடப்பதற்குச் சமம். அம்மா எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கத் தொடங்கினால் வலிக்கிறது என்று அர்த்தம்.

பஸ் அப்படியில்லை. தாழ்தளம், நடைபாதையிலிருந்து நேராகக் கால் வைக்கலாம். முன்பக்கம் பெரியவர்களுக்கான இருக்கைகள். அதோடு ஊர் முழுவதும் ஜன்னலில் தெரியும், மெட்ரோவில் வெறும் சுவர்தான்.

முதலில் டிக்கெட். நீங்கள் பழைய ஞாபகத்தில் பத்து டிக்கெட் கொண்ட காகிதக் கட்டு கேட்டால் கிடைக்காது. நவிகோ ஈசி என்ற அட்டையை 2 யூரோவுக்கு வாங்கி அதில் டிக்கெட் ஏற்ற வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை, ஒரே அட்டையை மூன்று பேருக்கும் தட்ட முடியாது. 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோ டிக்கெட்டும் பஸ் டிக்கெட்டும் தனித்தனி. அப்போது மெட்ரோ 2.50, பஸ் 2 யூரோ என்று வைத்தார்கள், பிறகு சில சென்ட் ஏறியிருக்கிறது. பஸ் டிக்கெட்டில் 90 நிமிடத்துக்குள் இன்னொரு பஸ்ஸுக்கோ டிராமுக்கோ மாறலாம், மெட்ரோவுக்கு மாற முடியாது. எத்தனை முறை மாறினாலும் ஏறும்போதெல்லாம் அட்டையைத் தட்டுங்கள், பரிசோதகர் அதைத்தான் பார்ப்பார்.

ஏறுவது எப்படி? நிறுத்தத்தில் நின்றுகொண்டு, உங்கள் எண் வரும்போது கையைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் நிற்காமல் போய்விடலாம். முன்வாசலில் ஏறி, ஓட்டுநருக்கு ஒரு "போன்ஜூர்", அட்டையைத் தட்டி, பெரியவர்களை உட்கார வைத்த பிறகு நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும் நிறுத்தத்துக்கு முன்பே பொத்தானை அழுத்துங்கள். காலை எட்டிலிருந்து ஒன்பதரை, மாலை ஐந்திலிருந்து ஏழு, இந்த நேரங்களில் ஏறாதீர்கள்.

எனக்குப் பிடித்த பாதைகள் இரண்டு. 69: ஈஃபில் கோபுரம் பக்கமுள்ள ஷான் த மார்ஸிலிருந்து கிளம்பி இன்வாலிட், ஓர்சே அருங்காட்சியகம், லூவர் அருங்காட்சியகம், நகர மண்டபம், பாஸ்தி என்று போய்க்கொண்டே இருக்கும். சுற்றுலா பஸ்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் இதில் பல தடவை போய்வரலாம். 38: லா ஷப்பல், கார் து நோர் ரயில் நிலையம், ஷாத்லே, நோத்ர் தாம் தேவாலயத்தின் பக்கம், லக்சம்பர்க் பூங்கா என்று ஊரை வடக்கு தெற்காகக் கடக்கும். கோயில், சாப்பாடு, பூங்கா மூன்றும் இந்த ஒரே பஸ்ஸில் அடங்கிவிடும்.

வழி தேடும் செயலி என்றால் எனக்கு சிட்டிமேப்பர்தான். கூகுள் மேப்ஸே போதும் என்பவர்கள் அதன் விருப்பங்களில் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, குறைந்த நடை என்பதையும் போட்டுக்கொள்ளுங்கள். போடாவிட்டால் உங்களை மெட்ரோவுக்குத்தான் அனுப்பும்.

படி 6: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

அதற்கு மேல் வேண்டாம். மதியம் படுக்கை.

நோத்ர் தாமை முதல் நாளே வையுங்கள். 2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் சாரமும் வேலியும்தான். 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள், உள்ளே கல்லெல்லாம் கழுவி வெளிர் நிறத்தில் இருக்கிறது. நுழைவு இலவசம், இணையத்தில் நேரம் பதிவு செய்வதும் இலவசம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள், வரிசை குறையும். நடுக்கூடத்தில் வரிசையாக நாற்காலி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த என் அப்பா அண்ணாந்து, விலாக்கற்கள் சந்திக்கும் உச்சியையே பார்த்துக்கொண்டு, "இவ்வளவு மெல்லிசா இருக்கே, பாரம் எங்கே இறங்குது?" என்று கேட்டார். வெளியே வந்து ஆற்றுப் பக்கமிருந்து, சுவரை வெளியிலிருந்து தாங்கும் கல் வளைவுகளைக் காட்டினேன். விரலால் கல் கல்லாகக் கோடு போட்டுப் பாரம் இறங்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். இத்தனை வருடத்தில் நான் அந்தக் கோயிலை அப்படிப் பார்த்ததே இல்லை.

லூவரா ஓர்சேயா என்றால், பெரியவர்களோடு போகும்போது ஓர்சே. 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், 1986-இல் அருங்காட்சியகம் ஆனது. லிஃப்டில் ஐந்தாம் மாடிக்குப் போனால் மோனே, ரெனுவார் ஓவியங்கள் அங்கேயே. லூவர் பிரம்மாண்டம், அதனாலேயே கால் போய்விடும். போதாததற்கு 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. ஓர்சேவுக்குத் திங்கள் விடுமுறை, லூவருக்குச் செவ்வாய்.

ஈஃபில் கோபுரத்தில் இரண்டாம் தளம் போதும். உச்சிக்கு இன்னொரு லிஃப்ட் மாற வேண்டும், அதற்கு இன்னொரு வரிசை. இரண்டாம் தளத்திலிருந்து பார்த்தால் காலையில் பஸ்ஸில் கடந்த கட்டடங்களை அவர்களே அடையாளம் சொல்வார்கள். லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே விற்பனைக்கு வரும். விளக்கைப் பார்க்க, 63ஆம் எண் பஸ்ஸில் கோபுரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் த்ரொக்கதேரோ மேடைக்குப் போங்கள். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மின்னும்.

லக்சம்பர்க் பூங்காவில் பச்சை இரும்பு நாற்காலிகள் இலவசம். அதில் இரண்டு வகை உண்டு: நிமிர்ந்தது, தாழ்வாகச் சாய்ந்தது. சாய்ந்ததில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும், நிமிர்ந்ததைத் தேடி இழுத்துப் போடுங்கள்.

படி 7: சாப்பாடு

கார் து நோருக்கு வடக்கே, லா ஷப்பல் பகுதியில் ஃபோபூர் சான் தெனி தெருவும் அதன் கிளைத் தெருக்களும் இலங்கைத் தமிழர் கடைகளால் நிறைந்தவை. கறிவேப்பிலை முதல் கொத்து ரொட்டி வரை எல்லாம் கிடைக்கும், கடைக்காரரிடம் தமிழிலேயே பேசலாம். ரூ பஜோலில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் போகிறவர்கள் தேர்த் திருவிழா நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: பிரெஞ்சு உணவகத்தில் காய்கறி சூப் என்றாலும் இறைச்சிச் சாற்றில் செய்திருக்கலாம், கேட்டுவிடுங்கள். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்றால் இறைச்சி, மீன் இல்லாமல். தண்ணீருக்கு "உய்ன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும், கேட்காவிட்டால் பாட்டிலுக்குக் காசு.

படித்தவர்கள் கேட்டதால் பிறகு சேர்த்தவை

கழிப்பறை பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகள் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி உள்ளே தானாகக் கழுவும், அது முடியும் வரை நில்லுங்கள். கதவு மூடுவதற்குள் அம்மா உள்ளே நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் இருக்காது, அரை லிட்டர் பாட்டில் ஒன்று கைப்பையில் எப்போதும் இருக்கட்டும். அருங்காட்சியகத்திலிருந்து கிளம்பும் முன் ஒருமுறை போய்விட்டு வரச் சொல்வது இன்னும் நல்லது.

மொன்மார்த்ர் குன்றுக்குப் போக முடியுமா என்றார் ஒருவர். முடியும், ஆனால் அபெஸ் மெட்ரோ நிலையம் வழியாக வேண்டாம். 36 மீட்டர் ஆழம், லிஃப்ட் நின்றுவிட்டால் சுழல் படிதான். 40ஆம் எண் சின்ன பஸ் குன்றின் மேலேயே சுற்றுகிறது. கீழிருந்து போனால் கேபிள் ரயில், அதற்கு மெட்ரோ டிக்கெட் செல்லும், பஸ் டிக்கெட் செல்லாது. அட்டையில் இரண்டு மெட்ரோ டிக்கெட்டும் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், போகவும் வரவும்.

மாத்திரைகள் கைப்பையில், மருத்துவர் சீட்டு மருந்தின் வேதிப்பெயரோடு. பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் மருந்துக்கடை. பாராசிட்டமால் அங்கே பெரும்பாலும் டோலிப்ரான் என்ற பெயரில் கிடைக்கும்.