கனவில் பாம்பு வந்ததா? பலன் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள்

கண் விழித்ததும் போனைத் தொடாமல் கனவை நாலு வரி எழுதிவிடுங்கள். விடியற்காலையில்தான் கனவு நிறைந்த ரெம் தூக்கம் நீளும். அந்நேரக் கனவு பளிச்சென்று நிற்கும், பல் தேய்ப்பதற்குள் கரைந்தும் போகும்.

பஞ்சாங்கத்துக் கனவுப் பலன் எல்லோருக்கும் பொதுவானது. வயலில் கடிபட்டவருக்கும் புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவருக்கும் பாம்பு ஒன்றாகுமா? அதனால் கனவில் வந்ததன் பக்கத்தில் உங்கள் சொந்த நினைவை எழுதுங்கள். கனவின்போது இருந்தது பயமா, ஏக்கமா, நிம்மதியா என்பதையும் விடாதீர்கள். கனவில் வந்த பொருளைவிட அந்த உணர்வுதான் அதிகம் சொல்லும். முந்தின நாள் நடந்ததையும் ஒரு வரி.

எனக்கு அடிக்கடி பாட்டி வீட்டுக் கிணறு வரும். ராட்டினம் கிறீச்சிடும், வாளி காலியாக மேலே வரும். ஒரு மாதக் குறிப்பைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: அம்மாவுக்குப் போன் செய்யாமல் தள்ளிப்போட்ட நாட்களில் மட்டுமே அந்தக் கிணறு.