கோத்தகிரியில் சோலார் போடுமுன்

முதலில் கரண்ட் பில்லை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் சோலாரில் நல்ல லாபம், ஏனென்றால் அதற்கு மேல் கட்டண வீதமே ஏறிவிடும். கீசர் ஓடும் எங்கள் வீட்டில் 600 யூனிட், பில் 2,900 ரூபாய் வரை வந்தது.

2 கிலோவாட்டுக்கு எனக்கு 1,45,000 ஆனது. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியம் 60,000. கைக்காசு 85,000. வெயில் மாதங்களில் பில் இப்போது 700 வாக்கில் நிற்கிறது. ஆனால் மழைக்காலத்தில் மழையும் மூடுபனியும் உற்பத்தியை நன்றாகக் குறைக்கும். அதனால் போட்ட பணம் திரும்ப வர ஏழு வருடம் என்றே கணக்கு வையுங்கள்.

குளிரில் பேனல் நன்றாகவே வேலை செய்யும். இங்கே எதிரி நிழல்தான். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கூரையில் ஏறிப் பாருங்கள். பக்கத்து சில்வர் ஓக் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மற்றவையும் சேர்ந்து குறையலாம். பேனல் தெற்கு பார்த்துச் சாய்ந்திருக்கட்டும்.

அப்புறம், பேட்டரி இல்லாத நெட் மீட்டர் (மிஞ்சும் கரண்டை மின்வாரியத்துக்கு அனுப்பிக் கழித்துக்கொள்ளும் மீட்டர்) இணைப்பு கரண்ட் போனால் தானாக நின்றுவிடும். மரம் விழுந்து பகலிலேயே கரண்ட் போன அன்றுதான் இது எனக்குப் புரிந்தது. எர்த்திங்கும் இடிதாங்கியும் கொட்டேஷனில் இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள்.