கலிஃபோர்னியாவில் வீட்டின் மேல் லியன்: வக்கீல் வழிப் பேச்சு இழுத்துக்கொண்டே போனால்

கலிஃபோர்னியாவில் வீட்டை விற்கவோ ரீஃபைனான்ஸ் செய்யவோ போகும்போதுதான் ஜட்ஜ்மெண்ட் லியன் (கோர்ட் தீர்ப்புக் கடனுக்காக சொத்தின் மேல் ஏறும் வில்லங்கம்) இருப்பதே பலருக்குத் தெரிய வருகிறது. பழைய தொழில் கடன், கான்ட்ராக்டருடன் தகராறு என்று ஏதோ ஒரு வழக்கில் பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்திருக்கும். அதன் சுருக்கத்தை எதிர்த்தரப்பு கவுன்ட்டி ரெக்கார்டரிடம் (மாவட்டப் பத்திரப் பதிவு அலுவலகம்) பதிந்துவிட்டால், அந்தக் கவுன்ட்டியில் உங்கள் பெயரில் உள்ள வீடு, மனை எல்லாவற்றின் மேலும் வில்லங்கம் ஏறிவிடும். கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சிவில் தீர்ப்புகளை 2017-லேயே அதிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

முதலில் அது உங்கள் கடன்தானா என்று பாருங்கள். குமார், சுப்ரமணியன் என்று முடியும் பெயர்களுக்கு வேறு யாருடைய லியனோ வந்து ஒட்டிக்கொள்ளலாம். அப்படியானால் பேரமே வேண்டாம். நீங்கள் வேறு ஆள் என்ற ஆதாரத்தைக் கொடுத்தால், 15 நாளுக்குள் லியன் பதிந்தவர்கள் விடுவிப்புப் பத்திரம் தர வேண்டும்.

உங்கள் கடன்தான் என்றால், தொகையைப் பேசித் தீர்க்க வேண்டும்; அதில் காலம் உங்களுக்கு எதிரி. தொழில் கடன் தீர்ப்புகளுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி. 20,000 டாலர் பாக்கி இருந்தால் தினம் கிட்டத்தட்ட ஐந்தரை டாலர் ஏறுகிறது. தீர்ப்பு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கவும் முடியும். அதனால் எதிர்த்தரப்புக்கு அவசரமே கிடையாது. எதிரில் வக்கீல் இருந்தால், உங்கள் வக்கீல் அவர் மூலமாகத்தான் பேச முடியும். ஒரு தொகையைச் சொல்லிப் பதில் வாங்க நாலு பேர் கை மாற வேண்டும். கடனை வசூல் கம்பெனிக்கு விற்றிருந்தால் இன்னும் தாமதம்.

ஆகவே தாமதம் யாரிடம் என்று முதலில் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். கடைசியாக எந்தத் தேதியில் என்ன தொகை சொன்னீர்கள், அந்தக் கடிதத்தின் நகல் வேண்டும் என்று ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்குபவர் என்றால் ஒவ்வொரு போனுக்கும் பில் வரும். வக்கீல் கோபித்துக்கொள்வாரோ என்று நம்மவர்கள் ரொம்பத் தயங்குகிறோம், தேவையே இல்லை. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதும், எதிர்த்தரப்பு எழுத்தில் தரும் சமரசத் தொகையை உடனே தெரிவிப்பதும் இங்கே அவருடைய தொழில் கடமை. எதிர்த்தரப்புக்கு அனுப்பும் சமரசக் கடிதத்தில் ‘இந்தத் தேதி வரைதான்’ என்று கெடு வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் உங்கள் வக்கீல் அசையாவிட்டால் வேறு வக்கீலிடம் போகலாம். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று உங்கள் ஃபைலைப் பிடித்துவைக்க முடியாது.

வீடு விற்பனையில் இருந்தால் எஸ்க்ரோ அதிகாரியிடம் (விற்பனைப் பணத்தை நடுவில் வைத்துக் கைமாற்றித் தருபவர்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பிடம் தினசரி வட்டியோடு பாக்கிக் கணக்குக் கடிதம் வாங்கி, விற்ற பணத்திலிருந்தே அடைத்துவிடுவார்கள்.

பணம் கட்டியதோடு லியன் போய்விடாது. கடன் தீர்ந்தது என்ற பத்திரத்தை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எழுத்தில் கேளுங்கள்; 15 நாள் கெடு, காரணமில்லாமல் தாண்டினால் நஷ்ட ஈடும் 100 டாலரும் தர வேண்டிவரும். அப்புறம், லியன் பதிந்திருந்த ஒவ்வொரு கவுன்ட்டியிலும் அந்தப் பத்திரத்தைத் தனித்தனியாகப் பதிய வேண்டும்: ஃப்ரீமான்ட் வீட்டுக்கு அலமீடாவில், சன்னிவேல் வீட்டுக்கு சான்டா கிளாராவில். கடனில் 600 டாலரோ அதற்கு மேலோ தள்ளுபடி கிடைத்திருந்தால், அதை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-சி படிவம் வரலாம். அந்தத் தள்ளுபடி வருமானமாகக் கணக்காகக்கூடும், வரி தாக்கல் செய்பவரிடம் காட்டுங்கள்.