ஃப்ரிட்ஜ் சக்கரம் மாற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகளை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்

குன்னூரில் எங்கள் வீட்டுச் சமையலறை பழைய சிவப்பு சிமெண்ட் தரை. மேட்டில் கட்டிய வீடு என்பதால் ஒரு கோலிக்குண்டைப் போட்டால் பின்வாசல் வரைக்கும் தானாக உருண்டு போகும். ஐப்பசி மழை ஓய்ந்த ஒருநாள், பின்னால் பெருக்கலாம் என்று ஃப்ரிட்ஜை இழுத்தேன். படக்கென்று ஒரு பின்சக்கரம் போய்விட்டது. அரைமணி நேர வேலைதானே என்று நானே இறங்கினேன். இரண்டு நாள் ஆனது. அதில் முக்கால்வாசி நேரம் என் தவறுகளை நானே சரிசெய்வதில் போனது.

முதல் தவறு, சக்கரம் ஏன் உடைந்தது என்று பார்க்காமலே புதுச் சக்கரம் வாங்கப் போனது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் பின்னால் இரண்டு சக்கரமும், முன்னால் திருகினால் உயரம் மாறும் இரண்டு காலும் இருக்கும். முன்கால் ஊன்றி நிற்பதற்கு. நகர்த்தும்போது முன்பக்கத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தில் உருட்ட வேண்டும். சக்கரமும் முன்னும் பின்னும்தான் உருளும், பக்கவாட்டில் திரும்பாது. நாமோ பால், மாவு, காய்கறி எல்லாம் உள்ளேயே இருக்க, முன்காலைத் தரையில் தேய்த்தபடி ஒரு மூலையைப் பிடித்துத் திருப்புகிறோம். என் வீட்டில் அச்சுக்கம்பியே துருப்பிடித்து இறுகியிருந்தது. உருளாத சக்கரத்தைப் பல வருடமாகத் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மழைக்காலம் முழுக்க ஈரம் கோத்து நிற்கும் சுவரோடு ஃப்ரிட்ஜை ஒட்டி வைத்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

அடுத்து கடை. ஹார்டுவேர் கடையில் எல்லாப் பக்கமும் சுழலும் நாற்காலிச் சக்கரம் அழகாக இருந்தது, வாங்கிவந்தேன். மாட்டி நிமிர்த்திக் கதவைத் திறந்தால் ஃப்ரிட்ஜே என்னை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது. சரிந்த தரையில் சுழல்சக்கரம் கூடவே கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உடைந்த சக்கரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். விட்டம், அகலம், நடுத்துளையின் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். இங்கே கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ இறங்கி, ஃப்ரிட்ஜ் உதிரிபாகம் விற்கும் கடையில் கேட்பது நல்லது. உடைந்தது ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். தேய்ந்தது ஒன்று, புதிது ஒன்று என்றிருந்தால் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும்.

தூக்குவதற்கு முந்தின நாளே ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, பனிக்கட்டி உருக விடுங்கள். சமவெளியில் இரண்டு மூன்று மணி நேரத்தில் உருகிவிடும். மார்கழிக் குளிரில் நம் சமையலறையே பாதி ஃப்ரிட்ஜ், ஒரு ராத்திரி ஆனாலும் மிச்சமிருக்கும். அதற்காகக் கத்தியால் குத்தாதீர்கள், ஃப்ரீசர் தகட்டுக்குள்ளேதான் கேஸ் ஓடுகிறது. ஒரு கிண்ணம் வெந்நீரை உள்ளே வைத்துக் கதவைத் திறந்து விட்டால் போதும். கண்ணாடித் தட்டு, காய்கறிப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கதவைக் கயிற்றால் கட்டுங்கள். நான் மறந்தது பின்பக்கத் தண்ணீர்த் தட்டு. உருகிய தண்ணீர் அதில்தான் வடியும், கம்ப்ரசர் சூட்டில் ஆவியாகும். குளிர் ஊரில் கம்ப்ரசர் ஓடுவதே குறைவு, காற்றிலும் ஈரம், அதனால் தட்டு நிறையத் தண்ணீர் நிற்கும். சாய்த்ததும் அத்தனையும் கம்ப்ரசரின் ஒயர் இணைப்பு மேலே கொட்டியது. அன்று முழுவதும் காயவைத்த பிறகுதான் மேலே வேலை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஃப்ரிட்ஜை மல்லாத்திப் படுக்கவைப்பது. நிறைய பேர் கம்பளியை விரித்து அப்படியே கிடத்திவிடுகிறார்கள், சக்கரம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறதே என்று. கம்ப்ரசர் அடியில் எண்ணெய் இருக்கிறது. படுக்கவைத்தால் அது குழாய் வழியாக வெளியே போகும். உடனே ஓட விட்டால் உள்ளே உராய்வுக்கு எண்ணெய் போதாது, போன எண்ணெயோ முடி மாதிரி மெல்லிய குழாயில் போய் அடைக்கும். அப்புறம் சக்கரத்துக்குப் பதிலாகக் கம்ப்ரசரே மாற்ற வேண்டியதுதான். படுக்கவைக்கத் தேவையே இல்லை. காலியான சின்ன ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய 35, 40 கிலோதான். ஒருவர் மேலே பிடித்து முன்னோக்கிக் கொஞ்சம் சாய்க்க, இன்னொருவர் பின்பக்க அடியில் இரண்டு கனமான கட்டையைச் செருகினால் போதும். நான்கு விரல் இடைவெளி கிடைத்தால் சக்கரத்தை மாற்றிவிடலாம். கட்டை உறுதியாக நின்ற பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். கார் ஜாக்கியை நடுவில் வைத்து ஏற்றும் யோசனையும் வேண்டாம், அடித்தகடு அப்பளம் மாதிரி நொறுங்கும். ஓரச்சட்டம்தான் பாரம் தாங்கும். இது ஒற்றைக் கதவுக் கணக்கு. இரட்டைக் கதவு என்றால் மூன்றாவது ஆளையும் கூப்பிடுங்கள்.

தூக்கும்போது பின்னால் உள்ள கறுப்புக் கம்பி வலையையோ செம்புக் குழாயையோ கைப்பிடியாகப் பிடிக்காதீர்கள். கம்ப்ரசர் மேலே ஆர்600ஏ என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. சிலிண்டர் கேஸுக்கு வாசனை சேர்த்திருப்பார்கள், கசிந்தால் மூக்குக்குத் தெரியும். இதற்கு அப்படி வாசனை இருக்காது. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தங்கும். நம் ஊரில் குளிருக்காக ஜன்னலை அடைத்துக் கரி அடுப்பைத் தரையில் வைக்கும் பழக்கம் இருக்கிறது. இந்த வேலை நடக்கும்போது அடுப்பு வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். குழாய் நசுங்கியதாகச் சந்தேகம் வந்தால் பிளக்கைச் சொருகாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றுவது சின்ன வேலை. துருப்பிடித்த ஸ்க்ரூவை முறுக்கித் தலையைத் தேய்த்துவிடாமல், துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கிளிப் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, வாஷர் எத்தனை என்று கழற்றும் முன்பே போட்டோ எடுங்கள். புது அச்சில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடுத்த மழைக்காலத்தைத் தாங்கும்.

இறக்கி வைத்த பிறகு முன்காலைத் திருகி மட்டம் பார்க்க வேண்டும். ரசமட்டம் இருந்தால் வசதி. பக்கவாட்டில் சமமாகவும், முன்பக்கம் ஒரு நூல் உயரமாகவும் இருக்கட்டும், கதவு தானாக மூடிக்கொள்ளும். எங்கள் தரைக்கு முன்கால் எட்டவில்லை. மடித்த அட்டையை வைத்தேன், ஈரத்தில் ஊறி ஒரே வாரத்தில் கூழாகிவிட்டது. இப்போது பிளைவுட் துண்டு. சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே ஒரு சாண் விட்டிருக்கிறேன்.

உடனே ஸ்விட்ச் போடாதீர்கள். கொஞ்சம் சாய்த்ததுதான் என்றால் இரண்டு மணி நேரம் நிமிர்ந்து நிற்கட்டும். மல்லாத்தியே விட்டீர்கள் என்றால் குறைந்தது கிடந்த நேரம் அளவுக்காவது நிற்க வேண்டும். குளிரில் எண்ணெய் கெட்டிப்படும், மெதுவாகத்தான் கீழே இறங்கும். நான் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு விடிந்ததும் போட்டேன். பால் வெளியே திண்ணையில் இருந்தது, கெடவில்லை.