ஆளில்லாத கிராமத்தைச் சுற்றிப் பார்க்கும் முறை

யாரும் குடியில்லாத ஊரிலும் நிலத்துக்கு உரிமையாளர் உண்டு. முதலில் அனுமதி வாங்குங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, குறைந்தது இரண்டு பேராகக் காலையிலேயே கிளம்புங்கள். தடித்த அடியுள்ள பூட்ஸ், முழுக்கால் சட்டை, டார்ச், தண்ணீர் கட்டாயம்.

பெரிய ஆபத்து கிணறுதான். கைப்பிடிச் சுவர் சரிந்து, புதர் மூடியிருக்கும். நீண்ட கம்பால் முன்னால் தட்டிப் பார்த்தே காலை வையுங்கள். கூரை போன சுவரில் மழைநீர் மேலிருந்து இறங்கி மண்சாந்தைக் கரைத்துவிடும்; அதனால் மழை பெய்த மறுநாள் போகவே வேண்டாம். மற்ற நாட்களிலும் சுவரின் உயரத்தைவிடக் கூடுதலான தூரத்தில் நில்லுங்கள்.

உடைந்த ஓட்டைக்கூட எடுத்து வராதீர்கள். அது இன்னொருவரின் வீடு. மரத்தளத்தில் ஏறவே கூடாது: உத்தரம் சுவருக்குள் செருகிய முனையில்தான் ஈரம் தங்கி முதலில் உளுக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.