மேட் சயின்டிஸ்ட் குறும்படம் எடுக்கப் போறீங்களா, முதல்ல அந்தப் பச்சை கோட்டைக் கழட்டுங்க

போன வாரம் திருமங்கலம் பக்கம் மூடிக்கெடக்குற ஒரு ரைஸ்மில்லுல காலேஜ் பயலுக அஞ்சாறு பேரு பழைய கருப்பு வெள்ளை பேய்ப்படம் மாதிரி ஒண்ணு எடுக்குறோம், வந்து பாருங்கண்ணேன்னு கூப்புட்டாய்ங்க. போனா, 2014-ல ஒரு மேட் சயின்டிஸ்ட் (கிறுக்கு விஞ்ஞானி) குறும்படத்துக்கு நான் பண்ணுன கூத்து அச்சு அசலா ஓடிக்கிட்டு இருக்கு. நடிப்பு சரியில்ல, சவுண்டு சரியில்லங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது, அதை விட்ருவோம்.

கலர்ல எடுத்துட்டு அப்புறம் கருப்பு வெள்ளை ஆக்கிக்கலாம்ங்கற நெனப்பு

இதை நெனைச்சா இன்னும் எரிச்சலா வருது. ஆபரேஷன் தியேட்டர் பச்சையில துணி எடுத்து மதுரை புதுமண்டபத்து தையக்காரர்கிட்ட குடுத்து டாக்டருக்கு கோட்டு தச்சோம், நல்ல செவப்புல ரத்தம் கலக்குனோம், மில்லு வாடகை லைட்டு வாடகை சாப்பாடு எல்லாம் சேத்து ஒரே ராத்திரியில 14 ஆயிரம் காலி. மானிட்டர்ல பாத்தா பயங்கரமா இருந்துச்சு, எடிட்டிங்ல கலரை எடுத்தா ரத்தத்தையே காணோம். செவப்பும் பச்சையும் கண்ணுக்குத்தான் வேற வேற, வெளிச்ச அளவு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா கருப்பு வெள்ளையில ஒரே சாம்பல்தான். சரின்னு எடிட்டிங்ல செவப்பு சேனலை, அதாவது படத்துல செவப்போட வெளிச்சத்தை மட்டும், ஏத்துனேன், ரத்தம் வெளுத்துப்போய் டாக்டர் மேல தயிர் கொட்டுன மாதிரி ஆயிருச்சு. பச்சையை ஏத்துனா ரத்தம் தெரியுது, ஆனா ஹீரோ மூஞ்சி கருத்து ஒவ்வொரு பருவும் எட்டிப்பாக்குது. கடைசியில அந்த சீனையே தூக்கிட்டேன், ரத்தம் இல்லாத ஆபரேஷன், பாத்தவன் டாக்டர் ஏதோ தையல் போடுறாருன்னு நெனைச்சான்.

கேமராவுல மோனோக்ரோம் (கருப்பு வெள்ளை) வச்சு அதுலயே பாத்து எடுங்க, ரா-வுல (சென்சார் பதிவு பண்ணுனதை அப்படியே வச்சுக்குற ஃபைல்) எடுத்தா கலர் உள்ள பத்திரமா இருக்கும். கோட்டு வெள்ளை, ரத்தம் கருப்பு. ஹிட்ச்காக்கோட 1960 சைக்கோ படத்துக் குளியல் சீன்ல ரத்தமா ஓடுனது சாக்லேட் சிரப்புதான். நம்மூருக்கு கருப்பட்டிப் பாகு போதும், எறும்பு வர்றதுக்குள்ள டேக்கை முடிக்கணும் அவ்வளவுதான்.

லேப் முழுக்க வெளிச்சம் போடுறது

பாட்டில்ல அஞ்சு கலர் தண்ணி ஊத்தி வச்சிருக்கோம்ல, தெரியணும்லன்னு நாலு எல்இடி பேனல் போடுவாய்ங்க. அப்ப தெர்மாகோலும் தெரியும். பட்ஜெட் இல்லாத அந்தக்காலப் படத்துல பாதி செட்டு இருட்டுதான். ஒரு லைட்டு, பக்கவாட்டுல, பாட்டிலுக்குப் பின்னாடி.

ட்ரை ஐஸ்

லேப்ல பொகை வரவைக்கிற இதை ஷூட்டிங்குக்கு முந்தின நாளே வாங்காதீங்க. உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி சமாச்சாரம் அது, வீட்டு ஃப்ரீசர்ல நிக்காது, நான் 5 கிலோ வச்சேன், காலையில பேப்பர்தான் இருந்துச்சு. இறுக்கி மூடுனா வெடிக்கும், கதவடைச்ச ரூம்ல போட்டா மூச்சு முட்டும், கையுறை இல்லாம தொடாதீங்க.

ப்ராப்பர்டியை (செட்டு சாமானை) தூக்கிப் போடுறது

1931 ஃப்ராங்கன்ஸ்டைன்ல மின்னல் கக்குன மெஷினெல்லாம் கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் செஞ்சது, 1974-ல யங் ஃப்ராங்கன்ஸ்டைன்ல அதே சாமானை மறுபடி ஓட்டுனாய்ங்க. நான் என் பழைய ரேடியோ பெட்டியை எடைக்குப் போட்டேன்.

நெசமான கரண்ட்

வேணாம்.

சயின்டிஸ்ட் சிரிப்பு

படத்துக்கு ஒரு தடவை.